எக்ஸ் விங் மனப்பாடம், ஆனா கண்ல மாட்டல: கடினமான சுடோகுவுக்கு அடுத்து என்ன கத்துக்கணும்?

குடியாத்தம் 81 | மே 9

பேப்பர்ல வர்ற சுடோகு எல்லாம் முடிஞ்சிடுது. போன்ல 'எக்ஸ்பர்ட்' தாண்டினா பாதியில நிக்குது. காலிக் கட்டம் எல்லாத்துலயும் குறி (அங்க வரக்கூடிய எண்களைச் சின்னதா) எழுதியாச்சு. நேக்கட் பேர் (ரெண்டு கட்டத்துல அதே ரெண்டு எண் மட்டும்), ஹிடன் பேர் (ரெண்டு எண்ணுக்கு அதே ரெண்டு கட்டம் மட்டும்), இதே மாதிரி மூணுக்கு ட்ரிப்பிள், ஒரு 3×3 பெட்டிக்குள்ள ஒரே வரிசையில அடைபட்ட எண், இது வரைக்கும் தேடறேன். எக்ஸ் விங் (ரெண்டு வரிசையில ஒரு எண்ணுக்கு அதே ரெண்டு பத்தியில மட்டும் இடம், அதனால அந்தப் பத்திகள்ல மத்த வரிசையில அந்த எண் போகும்), அதோட மூணு வரிசை வடிவமான ஸ்வார்ட்ஃபிஷ், ரெண்டுக்கும் விளக்கம் கேட்டா சொல்லிடுவேன். நிஜக் கட்டத்துல தேடினா ஒண்ணுமே தெரியல. இதுக்கு மேல முப்பது நாப்பது டெக்னிக்கோட பேர் இருக்கிற லிஸ்ட் சுத்துது. அத்தனையும் கத்துக்கணுமா? ஒரு அளவுக்கு மேல எல்லாமே ஊகம்தான்னு எனக்குத் தோணுது. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

காட்பாடி ஜங்ஷன் | மே 9

ஊகம் இல்ல தம்பி. பேர் நாப்பது இருந்தாலும் உள்ள ஓடுறது ஒரே கணக்கு. ஸ்ட்ராங் லிங்க், வீக் லிங்க் (ரெண்டு குறிக்கு நடுவுல இருக்கிற தொடர்பு, பின்னாடி விளக்கறேன்) ரெண்டும் கைக்கு வந்துட்டா லிஸ்ட்ல பாதிக்கு மேல தனியா படிக்கவே வேணாம்.

அதுக்கு முன்னாடி குறியைப் பத்திப் பேசணும். ஒரு எண் உறுதியானா அதை எத்தனை கட்டத்துலேர்ந்து அழிக்கணும்? 20. அதே வரிசையில 8, அதே பத்தியில 8, பெட்டியில மிச்சம் இருக்கிற 4. கையால எழுதறவங்க விடுறது இந்தக் கடைசி நாலைத்தான். அழிக்காம விட்ட ஒரு குறி இருந்தா ஸ்ட்ராங் லிங்க் இருக்கிற இடத்துல இல்லாத மாதிரி தெரியும். அவசரத்துல ஒரு குறியைக் கூடுதலா அழிச்சிட்டா இன்னும் மோசம், இல்லாத லிங்க் இருக்கிற மாதிரி தெரியும். பத்து நிமிஷம் கழிச்சு ஒரு வரிசையில ரெண்டு 4 வந்து நிக்கும், எங்க பிசகுச்சுன்னு கண்டுபிடிக்கவே முடியாது.

இனிமே இடத்தைச் சொல்ல ஒரு முறை வெச்சுக்கலாம். வ = வரிசை, மேலிருந்து கீழ 1 முதல் 9. ப = பத்தி, இடமிருந்து வலம் 1 முதல் 9. வ2ப8-னா ரெண்டாவது வரிசை, எட்டாவது பத்தி. பெட்டி 1 மேல இடது மூலை, பெட்டி 9 கீழ வலது மூலை.

வாலாஜா டீச்சர் | மே 10

குறி எழுதுவதில் இரண்டு முறை இருக்கிறது, இரண்டையும் கலக்கக் கூடாது. முதலாவது, ஒரு பெட்டிக்குள் ஓர் எண்ணுக்கு இரண்டே இடம் இருந்தால் மட்டும் அந்த இரண்டு கட்டத்திலும் சின்னதாக எழுதுவது. தாமஸ் ஸ்னைடர் என்ற அமெரிக்கர் இதைப் பரப்பியதால் ஸ்னைடர் குறி என்கிறார்கள். 2007, 2008, 2011 ஆகிய மூன்று ஆண்டு உலகப் போட்டியில் வென்றவர். இரண்டாவது, கட்டத்தில் வரக்கூடிய எல்லா எண்ணையும் எழுதுவது.

ஸ்னைடர் குறியில் ஒரு கட்டத்தில் 3 மட்டும் எழுதியிருந்தால் அங்கே 3 மட்டும்தான் வரும் என்று பொருள் இல்லை. அந்தப் பெட்டியில் 3-க்கு இருக்கும் இரண்டு இடங்களில் அது ஒன்று, அவ்வளவே. முழுக் குறிக்கு மாறும்போது எல்லாக் கட்டத்தையும் புதிதாக எழுதாமல் பாதியில் விட்டால், இரண்டு எண் இருக்கிற கட்டம் என்று நினைத்து எடுக்கும் முடிவு எல்லாம் தவறும். எளிதான இடங்கள் தீரும் வரை ஸ்னைடர், நின்றதும் ஒரே மூச்சில் முழுக் குறி. என் மாணவர்களுக்கு நான் சொல்லும் வழி இதுதான்.

ஆம்பூர் பென்சில் | மே 10

எதுக்கு இவ்ளோ? ரெண்டு எண் இருக்கிற கட்டம் ஒண்ணைப் பிடி. ஒண்ணைப் போட்டுக்கினு போய்ப் பாரு. முட்டினா இன்னொண்ணு. பத்து நிமிஷத்துல முடிஞ்சிடும்.

காட்பாடி ஜங்ஷன் | மே 10

முடியும், இல்லன்னு சொல்லல. ஆனா முட்டாமலும் முடியாமலும் நடுவுல நின்னுடுச்சுன்னா? அங்க இன்னொரு ஊகம், அதுக்குள்ள இன்னொண்ணு. பேப்பர்ல இது வேலைக்கு ஆகாது, எந்தக் குறி எந்த ஊகத்துக்குச் சொந்தம்னு தெரியாம போயிடும். அப்படித்தான் போகணும்னா பெரிய கட்டத்தைத் தொடாம இன்னொரு தாள்ல போடுங்க.

இப்ப லிங்க்.

ஸ்ட்ராங் லிங்க்: ரெண்டுல ஒண்ணு பொய்னா இன்னொண்ணு நிச்சயம் மெய். இது ரெண்டு வழியில வரும். ஒரு வரிசையிலயோ பத்தியிலயோ பெட்டியிலயோ ஒரு எண்ணுக்கு சரியா ரெண்டே இடம். இல்லன்னா ஒரு கட்டத்துல சரியா ரெண்டே எண்.

வீக் லிங்க்: ரெண்டும் ஒரே நேரத்துல மெய்யா இருக்க முடியாது. ஒரே வரிசையில இருக்கிற எந்த ரெண்டு 7-ஐ எடுத்தாலும் இது உண்டு.

சங்கிலி ஸ்ட்ராங்ல ஆரம்பிக்கணும், வீக், ஸ்ட்ராங், வீக்னு மாறி மாறிப் போகணும், ஸ்ட்ராங்ல முடியணும். அப்படி முடிஞ்சா ரெண்டு முனையில ஒண்ணாவது மெய். ரெண்டு முனையும் ஒரே எண்ணா இருந்தா, ரெண்டையும் பார்க்கிற (அதாவது ரெண்டோடயும் ஒரே வரிசையிலயோ பத்தியிலயோ பெட்டியிலயோ இருக்கிற) கட்டத்துலேர்ந்து அந்த எண்ணை அழிக்கலாம். நீ வெச்சிருக்கிற லிஸ்ட்ல பெரிய பகுதி இந்த ஒரு வாக்கியம்தான்.

இன்னொண்ணு. ரெண்டே இடம் இருக்கிற ஸ்ட்ராங் லிங்க் வீக் இருக்க வேண்டிய இடத்துல உக்காரலாம். வீக் ஒருநாளும் ஸ்ட்ராங் இடத்துல உக்காராது. சங்கிலி தப்பாப் போறது பெரும்பாலும் இங்கதான்.

குடியாத்தம் 81 | மே 11

உதாரணம் கொடுங்கண்ணா. எண்ணோட.

காட்பாடி ஜங்ஷன் | மே 11

ஸ்கைஸ்க்ரேப்பர். எக்ஸ் விங்குக்கு முன்னாடி இதைத் தேடு, நிறைய கிடைக்கும்.

எண் 7. வரிசை 2-ல 7-க்கு ப3, ப8 ரெண்டே இடம். வரிசை 6-ல ப3, ப9 ரெண்டே இடம். பத்தி 3 பொது. வ2ப3-யும் வ6ப3-யும் சேர்ந்து 7 ஆக முடியாது. ஒண்ணு 7 இல்லன்னா அந்த வரிசையோட மறுமுனை 7. அதனால வ2ப8, வ6ப9 இதுல ஒண்ணாவது 7. ரெண்டையும் பார்க்கிற கட்டம் எது? வ1ப9, வ3ப9, வ4ப8, வ5ப8. இந்த நாலுலயும் 7 போகும்.

கவனிக்க வேண்டியது ஒண்ணு. மறுமுனை ரெண்டும் ஒரே பெட்டி அடுக்குல இருக்கணும், அதாவது இங்க ப7 முதல் ப9-க்குள்ள. வரிசை 2-ல முனை ப5-ல இருந்திருந்தா அமைப்பு இருக்கும், அழிக்க எதுவும் இருக்காது. பொதுவாப் பார்க்கிற கட்டம் வ2ப9, வ6ப5 மட்டும்தான் வரும், அங்க ஏற்கெனவே 7 கிடையாது. புதுசா கத்துக்கறவங்க அமைப்பு கிடைச்ச சந்தோஷத்துல அந்தப் பத்தியில இருக்கிற எல்லா 7-ஐயும் அழிச்சிடுவாங்க.

வாலாஜா டீச்சர் | மே 11

எக்ஸ் விங் ஏன் கண்ணில் படவில்லை என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. செவ்வகத்தைத் தேடினால் தெரியாது தம்பி. 81 கட்டத்தில் முந்நூறு குறி இருக்கும்போது செவ்வகம் எங்கிருந்து தெரியும்? எண்ணிக்கை எடுக்க வேண்டும்.

ஒரு தாளில் வெறும் 9×9 கட்டம் வரையுங்கள். ஒரே ஓர் எண்ணை எடுத்து, அது வரக்கூடிய இடங்களில் மட்டும் புள்ளி வையுங்கள். ஒவ்வொரு வரிசையின் வலது ஓரத்தில் அந்த வரிசையின் புள்ளி எண்ணிக்கையை எழுதுங்கள். பத்திக்குக் கீழேயும் அப்படியே. எங்கெல்லாம் 2 வந்ததோ அங்கே இரண்டு புள்ளியையும் கோட்டால் இணையுங்கள். எக்ஸ் விங், ஸ்கைஸ்க்ரேப்பர், கைட் (ஒரு வரிசையும் ஒரு பத்தியும் ஒரு பெட்டிக்குள் சேரும் வடிவம்) மூன்றும் இந்த ஒரே படத்தில் வெளியே வந்துவிடும்.

எந்த எண்ணில் தொடங்குவது? 3 முதல் 6 இடங்களில் ஏற்கெனவே நிரம்பிய எண். ஒன்றோ இரண்டோதான் நிரம்பியிருக்கிறது என்றால் புள்ளி அதிகம், இரண்டே இடம் அரிது. ஏழு நிரம்பியிருந்தால் மிச்சம் இரண்டு வரிசைதான், தேட ஒன்றும் இருக்காது. ஆப்பில் ஓர் எண்ணைத் தொட்டால் அதன் குறிகள் மட்டும் வண்ணத்தில் தெரியும் வசதி உண்டு. புள்ளிப்படத்துக்கு அது போதும்.

ஆம்பூர் பென்சில் | மே 11

இது நல்லா கீது டீச்சர். ஸ்வார்ட்ஃபிஷ்ஷும் இதுல தெரியுமா? மூணு வரிசை, மூணு பத்தி, ஒம்போது கட்டம் நிரம்பி ஒரு நாளும் பார்த்ததில்ல.

வாலாஜா டீச்சர் | மே 12

ஒன்பதும் நிரம்ப வேண்டியதில்லை. எண் 5 என்று வையுங்கள். வரிசை 1-இல் ப2, ப5. வரிசை 4-இல் ப5, ப8. வரிசை 9-இல் ப2, ப8. வரிசைக்கு இரண்டுதான், மொத்தம் ஆறு கட்டம். ஆனால் மூன்று வரிசையும் ப2, ப5, ப8 என்ற மூன்று பத்திக்குள் அடங்கிவிட்டன. ஆகவே அந்த மூன்று பத்தியிலும் மற்ற வரிசைகளில் 5 கிடையாது. ஸ்வார்ட்ஃபிஷ் பெரும்பாலும் இப்படி ஓட்டையோடுதான் வரும். ஒன்பது கட்டப் படத்தை வைத்துப் பாடம் நடத்துவதால்தான் யாருக்கும் கண்ணில் படுவதில்லை.

நாலு வரிசை ஜெல்லிஃபிஷ்ஷுக்கு நேரம் செலவழிக்க வேண்டாம். ஓர் எண் இன்னும் 7 வரிசையில் நிரம்பவில்லை என்று வையுங்கள். அங்கே நாலு வரிசையில் ஜெல்லிஃபிஷ் இருந்தால், மிச்சம் 3 பத்தியைப் பார்த்தால் அதே அழிப்பைத் தரும் ஸ்வார்ட்ஃபிஷ் இருக்கும். அதனால் வரிசை வழியாகத் தேடி முடித்தால் பத்தி வழியாகவும் கட்டாயம் தேட வேண்டும். ஐந்து, ஆறு என்று பெரிய மீன் எதற்குமே தேவை வராது.

காட்பாடி ஜங்ஷன் | மே 12

டீச்சர் சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கறேன். எக்ஸ் விங் கிட்டத்தட்ட வந்து, ஒரு புள்ளி மட்டும் கூடுதலா நின்னு கெடுக்கும். அதைத் தூக்கிப் போடாதே, அதுக்குப் பேர் ஃபின். எண் 4: வரிசை 3-ல ப2, ப6. வரிசை 7-ல ப2, ப6, கூடவே ப5. இந்த வ7ப5 ஃபின், பெட்டி 8-ல இருக்கு. அது 4 இல்லன்னா எக்ஸ் விங் சரி, பத்தி 6-ல மத்த 4 போகும். அது 4-னா பெட்டி 8-ல மத்த 4 போகும். ரெண்டு கதையிலயும் போறது வ8ப6, வ9ப6. அந்த ரெண்டு மட்டும்தான் அழிக்கலாம். பத்தி 2-ஐத் தொடக் கூடாது.

குடியாத்தம் 81 | மே 13

புள்ளிப்படம் போட்டதுல மூணு ஸ்கைஸ்க்ரேப்பர் கிடைச்சுது, ரெண்டுல அழிக்க இருந்துது. இன்னொரு வடிவம்: எண் 6. வரிசை 8-ல ப2, ப6. பத்தி 3-ல வ4, வ9. வ8ப2-வும் வ9ப3-யும் ஒரே பெட்டி 7. இதுவும் சங்கிலி தானே?

காட்பாடி ஜங்ஷன் | மே 13

அதேதான். பேர் டூ ஸ்ட்ரிங் கைட். முனை வ8ப6, வ4ப3. ரெண்டையும் பார்க்கிறது வ4ப6, அங்க 6 போகும். பேர் தெரியாமலே கண்டுபிடிச்சிருக்கே பாரு, நான் சொன்னது இதைத்தான்.

ஆம்பூர் பென்சில் | மே 13

இதெல்லாம் ஒரே எண்ணை வெச்சு. ஜப்பான்காரன் கண்டுபிடிச்ச ஆட்டத்துல ரெண்டு மூணு எண்ணைக் கலந்து போற வழி இல்லாமலா இருக்கும்?

வாலாஜா டீச்சர் | மே 13

இந்த வடிவம் ஜப்பானில் பிறந்தது அல்ல. ஹோவர்ட் கார்ன்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் உருவாக்கி, 1979-இல் டெல் நிறுவனத்தின் பத்திரிகையில் வேறு பெயரில் வந்தது. 1984-இல் நிக்கோலி பத்திரிகை ஜப்பானில் அறிமுகப்படுத்திப் பெயர் வைத்தது. 2004 நவம்பரில் லண்டன் டைம்ஸ் நாளிதழில் வந்த பிறகுதான் உலகம் முழுக்கப் பரவியது.

காட்பாடி ஜங்ஷன் | மே 14

கலந்து போற வழியில முதல்ல எக்ஸ்ஒய் விங். ரெண்டே எண் இருக்கிற மூணு கட்டம் வேணும். நடுக்கட்டம் வ5ப5-ல 2, 8. வ4ப4-ல 2, 6. வ5ப9-ல 8, 6. நடுவுல 2 வந்தா வ4ப4 6 ஆகும். 8 வந்தா வ5ப9 6 ஆகும். எப்படியும் ஒரு சிறகுல, அதாவது இந்த ரெண்டு ஓரக் கட்டத்துல ஒண்ணுல, 6. ரெண்டு சிறகையும் பார்க்கிற கட்டத்துல 6-ஐ எடுத்துடு: வ5ப4, வ5ப6, வ4ப7, வ4ப8, வ4ப9. அஞ்சு கட்டம். நடுக்கட்டத்தைப் பார்க்கிற கட்டம் எல்லாம் இல்ல, ரெண்டு சிறகையும் பார்க்கிறது மட்டும்.

அதையே நீட்டினா எக்ஸ்ஒய் செயின். வ1ப1-ல 3, 5. வ1ப7-ல 5, 9. வ6ப7-ல 9, 1. வ6ப2-ல 1, 3. முதல் கட்டம் 3 இல்லன்னா 5, அடுத்தது 9, அடுத்தது 1, கடைசி 3. மறுமுனையிலேர்ந்து வந்தாலும் அதே கதை. அதனால ரெண்டு முனையில ஒண்ணாவது 3. வ4ப1, வ5ப1, வ6ப1, வ1ப2, வ2ப2, வ3ப2 ஆறுலயும் 3 போகும்.

தேடுற விதம்: ரெண்டு எண் கட்டங்களை மட்டும் பென்சில்ல வட்டம் போடு. எட்டு பத்தாவது இருந்தா தேடு. நாலஞ்சுதான் இருக்குன்னா இன்னும் நேரம் வரல, புள்ளிப்படத்துக்கே திரும்பிப் போ.

ஆம்பூர் பென்சில் | மே 14

'இல்லன்னா, இல்லன்னா'னு போறதும் ஊகம்தானே? நான் பண்றதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

வாலாஜா டீச்சர் | மே 15

நியாயமான கேள்வி. ஒன்றை வைத்துப் பார்த்து முரண் வந்தால் விடுவது தர்க்கம்தான், அதில் குற்றம் இல்லை. வித்தியாசம் நீளத்தில் இருக்கிறது. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் இப்போது எழுதியிருக்கும் குறியிலேயே தெரியும், புதிதாக எந்தக் கட்டத்தையும் நிரப்ப வேண்டியதில்லை. நாலு ஐந்து கண்ணியை விரலால் தொட்டு இன்னொருவருக்குக் காட்டலாம். உங்கள் வழியில் முப்பது கட்டம் நிரப்பிய பிறகே முரண் தெரியும். இன்னொன்று, ஊகம் முட்டாமல் முடிந்துவிட்டால் விடை கிடைக்கும், ஆனால் மற்ற எண்ணைப் போட்டால் ஏன் முட்டும் என்பது தெரியாமலே போகும்.

உங்கள் வழி பிடித்திருந்தால் நிஷியோ பழகுங்கள். ஒரு கட்டத்தில் ஓர் எண்ணை வைத்து, அந்த ஓர் எண்ணை மட்டும் 9 பெட்டியிலும் துரத்துவது. ஏதாவது ஒரு பெட்டியில் அதற்கு இடமே இல்லாமல் போனால் அந்தக் குறி பொய். மற்ற எட்டு எண்ணையும் தொட வேண்டாம். டெட்சுயா நிஷியோ என்ற ஜப்பானியப் புதிர்க்காரர் பெயரில் வழங்குகிறது.

ஆம்பூர் பென்சில் | மே 15

சரிங்க டீச்சர். இது எனக்கு ஒத்து வரும்.

குடியாத்தம் 81 | மே 16

யூனிக் ரெக்டாங்கிள் பத்தி என்ன நினைக்கிறீங்க? சிலர் அது தர்மம் இல்லன்னு சொல்றாங்க.

காட்பாடி ஜங்ஷன் | மே 16

விடை ஒண்ணுதான்னு நம்பி முடிவு எடுக்கிறதால அப்படிச் சொல்றாங்க. என்னைக் கேட்டா தாராளமா பயன்படுத்து. வ2ப4, வ2ப6, வ7ப4 மூணுலயும் 1, 9 மட்டும். வ7ப6-ல 1, 9, 4. கடைசிக் கட்டமும் 1, 9 ஆனா நாலுலயும் இடம் மாத்திப் போட்டு ரெண்டு விடை வந்துடும். அதனால வ7ப6 கட்டாயம் 4.

நாலு கட்டமும் சரியா ரெண்டு பெட்டிக்குள்ள இருக்கணும். இங்க பெட்டி 2, பெட்டி 8. அதையே ப3, ப4-னு போட்டா நாலு பெட்டியில சிதறிடும். இடம் மாத்தினா பெட்டிக்குள்ள எண் ரெட்டிக்கும், ரெண்டு விடை வராது, அதனால இந்த வாதமே செல்லாது. நாலுல எதுவும் ஆரம்பத்துலயே கொடுத்த எண்ணாவும் இருக்கக் கூடாது.

வாலாஜா டீச்சர் | மே 17

அச்சுப் பிழை இருக்கும் புதிரில் இந்த வழி காலை வாரிவிடும். தொடங்குவதற்கு முன் மூன்றைப் பாருங்கள். கொடுத்த எண்கள் 17-க்குக் குறைவாக இருந்தால் ஒரே விடை சாத்தியமே இல்லை. டப்ளினில் கேரி மெக்குவயர் குழு 2012-இல் கணினி கொண்டு இதை நிறுவியது. அடுத்து, 1 முதல் 9-இல் இரண்டு எண் எங்குமே கொடுக்கப்படாமல் இருந்தால் அவற்றை இடம் மாற்றி இரண்டு விடை வரும். மூன்றாவது, வரிசை 1, 2, 3-க்குள் இரண்டு வரிசை முழுதும் காலியாக இருந்தால் அவற்றையும் இடம் மாற்றலாம். வரிசை 4 முதல் 6, 7 முதல் 9, பத்திகள், எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. இந்த மூன்றும் தேறினாலும் ஒரே விடை என்பதற்கு உறுதி இல்லை, ஆனால் மோசமான அச்சுப் பிழை பலவற்றை இது காட்டிக் கொடுக்கும்.

ஆம்பூர் பென்சில் | மே 18

பேப்பர்ல போடறவங்களுக்கு ஒண்ணு. செய்தித்தாள் கட்டத்துல முழுக் குறி எழுத இடமே இல்ல. ஏ4 தாள்ல 18 செ.மீ. சதுரம் வரைஞ்சா ஒரு கட்டம் 2 செ.மீ. வரும். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளயும் எண்ணுக்கு நிரந்தர இடம்: 1, 2, 3 மேல, 4, 5, 6 நடுவுல, 7, 8, 9 கீழ. ஏழு எங்க இருக்குன்னு படிக்க வேணாம், இடது கீழ மூலையைப் பார்த்தா போதும். கொடுத்த எண் பேனாவுல, குறி எச்பி பென்சில்ல. 2பி-யா இருந்தா தேய்ஞ்சு கறுத்துடும். நம்ம வேலூர் மே மாச வெயில்ல உள்ளங்கை வேர்வைக்குத் தாளே ஊறிடும், கைக்குக் கீழ இன்னொரு தாள் வெச்சுக்கினு எழுதுங்க. காட்பாடியில ரயில் ஏறி அரக்கோணம் போறதுக்குள்ள ஒண்ணு முடிக்கலாம்னு பார்க்கறவங்க ஸ்னைடர் குறியோட நிறுத்திக்கங்க. ரயில் ஆடுற ஆட்டத்துல சின்னக் குறி எழுதினா 1-க்கும் 7-க்கும் வித்தியாசம் தெரியாது.

குடியாத்தம் 81 | மே 18

போட்டிக்குப் போறவங்களும் இவ்வளவு சங்கிலி போடுவாங்களா?

காட்பாடி ஜங்ஷன் | மே 19

போட்டி வேற உலகம் தம்பி. 2017-ல உலக சுடோகு போட்டி பெங்களூர்ல நடந்துது, நமக்கு எட்டுற தூரம். அங்க வர்றது பெரும்பாலும் கையால அமைச்ச புதிர், வேகம்தான் முக்கியம், நீளமான சங்கிலி அபூர்வம். நீ மாட்டிக்கிட்டு நிக்கிறது கணினி உருவாக்கின புதிர்ல. ரெண்டுக்கும் பயிற்சி வேற.

ஆப்ல 'எக்ஸ்பர்ட்', 'ஈவில்'னு போட்டிருக்கிறதை நம்பாதே, ஒவ்வொருத்தரும் ஒரு அளவு வெச்சிருக்காங்க. ஹோடோகுன்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு. நின்னு போன இடத்தை அதுல போட்டா அடுத்த படி என்ன, எந்த டெக்னிக், எந்தக் கட்டம்னு காட்டும். முழு விடையையும் கேக்காதே. டெக்னிக் பேரை மட்டும் பார்த்துட்டு மூடிட்டு, இடத்தை நீயே தேடு. குறிப்பிட்ட ஒரு டெக்னிக் வர்ற புதிரா எடுத்துப் பயிற்சி பண்ற வசதியும் அதுல உண்டு.

குடியாத்தம் 81 | மே 23

நேத்து ஒரு இடம். வ2ப1-ல 2, 7. வ8ப5-லயும் 2, 7. ரெண்டும் ஒண்ணையொண்ணு பார்க்கல. பத்தி 9-ல 2-க்கு வ2, வ8 ரெண்டே இடம். வ2ப1 7 இல்லன்னா 2, அப்ப வ2ப9-ல 2 இல்ல, வ8ப9-ல 2, அதனால வ8ப5 7. அப்படின்னா வ2ப5, வ8ப1 ரெண்டுலயும் 7 போகணும். சரியாண்ணா?

வாலாஜா டீச்சர் | மே 23

மிகச் சரி. டபிள்யூ விங்.

காட்பாடி ஜங்ஷன் | மே 23

ரெண்டும் போகும். இப்ப பத்தி 1-ல 7-க்கு எத்தனை இடம் மிச்சம்னு எண்ணு. வ2ப1-ம் இன்னொரு கட்டமும் மட்டும்தான்னா அங்க புது ஸ்ட்ராங் லிங்க் பிறந்திருக்கு, 7-க்குப் புள்ளிப்படத்தை முதல்லேர்ந்து போடு. வரிசை 2-க்கும் அதே மாதிரி எண்ணிடு.